மறந்து வைத்த குடை

ஓய்வு பெறும்வரை என் பிழைப்பே, வயதானவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களுடைய பொய்யைக் கண்டுபிடிப்பதுதான். முதியோர் நலப் பிரிவின் மதிப்பீட்டாளர் என்று அதற்கு மரியாதையான பெயர். தானாக எழுந்து நடக்கிறாரா, குளிக்கிறாரா, சட்டை மாட்டிக்கொள்கிறாரா என்று பார்த்து எழுதிக் கொடுத்தால், முடியாதவர்களுக்குக் காலையில் ஓர் உதவியாள் வருவார். ஆனால் யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறேன் என்பார்கள். நான் குளியலறையை எட்டிப் பார்ப்பேன். சோப்பு காய்ந்து வெடித்துக் கிடக்கும்.

அப்படியும் பிடி கொடுக்காதவர்களுக்கு ஒரு வித்தை வைத்திருந்தேன். கிளம்பும்போது குடையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். தெருமுனை வரை போய்த் திரும்பினால், வீராப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிஜமான மனிதர் உட்கார்ந்திருப்பார். பிறகு பிரிவில் எல்லோருமே அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வித்தைக்கு அப்பன் நான்தான் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன்.

இப்போது என் முறை. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் நான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தூக்கி நிறுத்துவது, குளிப்பாட்டுவது, பொத்தான் போடுவது எல்லாம் என் மனைவி. ஆளைப் பார்த்தால் என்னில் பாதி. இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் என்னைத் தூக்குகிறாள். இப்படியே போனால் அவளைத் தூக்கவும் ஆள் தேடவேண்டி வரும் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். உதவியாள் கேட்டு விண்ணப்பித்தோம். உள்ளதை உள்ளபடி காட்டினால் போதும் என்றாள் மனைவி. இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவனுக்கா இதைச் சொல்வது என்று சிரித்தேன்.

மதிப்பிட வந்த அம்மாள் என் பழைய பிரிவுதான். நான் போன பிறகு சேர்ந்தவர்.

“உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் சார்.”

அதோடு நான் தொலைந்தேன். எழுந்து கதவு வரை நடந்து திரும்பச் சொன்னார். தினமும் மனைவியின் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எழுகிறவன், ஒரே உந்தில் எழுந்து நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன், திரும்பினேன், சிரிக்கவும் செய்தேன். குளிப்பது? நானே. சட்டை? அதுவும் நானே. எல்லாம் வடிகட்டின பொய். மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியாள் முன்னால் என்னை விட்டுக்கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

அம்மாள் போனதும் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது, எழ முடியவில்லை. மனைவி திட்டவில்லை. பட்டையை இறுக்கிக்கொண்டு என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பாதியில் அவளுக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டது. இருவரும் சரிந்து தரையில் உட்கார்ந்தோம். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“என்னால முடியலங்க.”

இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவமானமாக இருந்தது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எதிர் நாற்காலியைப் பார்த்தேன். அதன் முதுகில் ஒரு குடை தொங்கியது. பெற்ற அப்பனுக்கே அந்த வித்தை மறந்துபோயிருந்தது.

வாசல் மணி அடித்தது. மனைவி பதறிப்போய், யாரோ வந்திருக்கிறார்கள், எப்படியாவது நாற்காலியில் ஏறி உட்காருங்கள் என்று அந்த இடுப்போடு மறுபடி என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதும் அவளுக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது. மேசைக் காலைப் பிடித்தால் ஏறிவிடலாம் என்று என் புத்தியும் கணக்குப் போடத்தான் செய்தது.

“விடும்மா. போய்க் கதவத் தொற. நான் இப்படியே இருக்கேன்.”

அம்மாள் உள்ளே வந்தார். குடையை எடுக்கவில்லை. தரையில் கிடக்கும் என்னையும் இடுப்பில் கைவைத்து நிற்கும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

“மொதல்லேருந்து கேக்கறேன் சார். உங்களக் குளிப்பாட்டறது யாரு?”

“இவதான்,” என்றேன். “எல்லாமே இவதான் பண்றா.”