அக்கா இல்லாத தளம்

புதுச் சமூக வலைத்தளத்துக்கு ஏன் மாறினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னேன். தி. நகர் வங்கிக் கிளையில் கூட வேலை பார்ப்பவர்களிடம், பழையதில் விளம்பரத் தொல்லை தாங்கவில்லை என்றேன். மாடி வீட்டு மாமியிடம், எப்போது பார்த்தாலும் அரசியல் சண்டை என்றேன். நம் தகவலையெல்லாம் திருடுகிறார்களாம் என்று கணவரிடம் சொன்னபோது, "உன்கிட்ட திருட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

எல்லாம் உண்மைதான். ஆனால் நான் மாறியது அக்காவுக்குப் பயந்து.

அக்கா மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கோ ஐம்பது வயதுக்கு மேல் பாடும் ஆசை வந்தது. அடையாறு வீட்டுச் சமையலறையில் நின்று பாடி, கைப்பேசியில் பதிவு செய்து பழைய தளத்தில் போடுவேன். கடுகு வெடித்து அடங்குவதற்குள் அக்காவின் கருத்து வந்துவிடும். "அனுபல்லவியில சுருதி எறங்கிடுத்து. சாதகம் பண்ணாம ஊருக்கெல்லாம் காட்டணுமா?" உடனே சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து விருப்பக்குறி போடுவார்கள். என் பாட்டுக்கில்லை, அவள் கருத்துக்கு.

நாலைந்து தடவை சிரித்து மழுப்பினேன். பிறகு ஒரு நாள் குளிக்கும்போதுகூட எனக்குப் பாட வரவில்லை. வாயைத் திறந்தால் அக்காவின் குரல்தான் கேட்டது. அன்றைக்குத்தான் பயந்துபோனேன். இப்படியே விட்டால் பாட்டே என்னை விட்டுப் போய்விடும்.

புதுத் தளத்தில் வேறு பெயர் வைத்துக்கொண்டேன். முகத்தைக் காட்டவில்லை. ஜன்னலும், அப்போதுதான் வாங்கி வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியும் மட்டும் தெரியும். பின்னாலிருந்து என் குரல். மொத்தம் பதினோரு பேர் கேட்டார்கள். யாரோ ஒருவர், "கேட்டுக்கிட்டே துணி மடிச்சேன், வேலை முடிஞ்சதே தெரியல" என்று எழுதியிருந்தார். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சில மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தளம் எனக்கு ஒரு மைசூர்பாகு காணொளியைக் காட்டியது. அதிலும் முகம் இல்லை, இரண்டு கைகள்தான். வாணலியைப் பார்த்ததும் சோறு புரையேறியது. ஒரு பக்கக் காது உடைந்த அந்த வாணலியை அம்மா எனக்குத் தராமல் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள் என்று எனக்கு இன்றுவரை மனக்குறை.

என் கட்டைவிரல் தானாகவே எழுத ஆரம்பித்துவிட்டது. "பாகு முத்திடுத்து. கல்லாட்டம்தான் வரும்." அனுப்பப் போகும்போது சட்டென்று உறைத்தது. அக்கா பழைய தளத்தில் ரசம், அடை, அவியல் என்று படம் போட்டபோதெல்லாம் முதல் கருத்து என்னுடையதுதான். அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் படம் போடுவதை நிறுத்தியபோது, அலுத்துப்போயிற்று போல என்று விட்டுவிட்டேன். எனக்குப் பயந்துதான் இங்கே வந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. எழுதியதை அழித்துவிட்டு, கைதட்டும் குறி ஒன்றைப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் போனேன். அக்கா தட்டில் மைசூர்பாகு வைத்தாள். கல்லேதான்.

"எப்படி இருக்கு?"

"நன்னா இருக்குக்கா. இன்னொண்ணு குடு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னொன்று வைத்தாள்.

கிளம்பிப் படியிறங்கும்போது என்னையறியாமல் ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தேன். ஓரிடத்தில் சுருதி இறங்கியது எனக்கே தெரிந்தது. மேலேயிருந்து அக்கா கூப்பிட்டாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"ஜன்னல்ல வெச்சிருக்கியே கறிவேப்பிலை, நன்னாத் தழைச்சிருக்குடி."

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைவாயில் கரையாமல் கிடந்த மைசூர்பாகோடு, விட்ட இடத்திலிருந்து சத்தமாகவே பாடிக்கொண்டு இறங்கினேன்.