பிள்ளைக் காம்பரா மலசலகூடத்துக்கு முதல் ஆள்

பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பிய நாங்கள் சேர்ந்து, ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் போன மாதம் மலசலகூடம் கட்டிக் கொடுத்தோம். நாடா வெட்டிய படங்களுக்கு நீங்களும் லைக் போட்டீர்கள்.

இன்று தனியாகப் போய்ப் பார்த்தேன். கதவில் பெரிய பூட்டு. பிள்ளைகள் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவிடம் கேட்டேன்.

"ஏன் ஆயம்மா பூட்டியிருக்கீங்க?"

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, சுத்தமா வச்சிருங்க, திரும்பப் படம் எடுக்க வருவோம்னு. புள்ளைங்க போனா அழுக்காக்கிருங்க."

பதுளையிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்ததில் எனக்கும் அவசரம். சாவியைக் கேட்டேன்.

"போங்க மிஸ். நீங்கதான் மொத ஆளு."

வெளியே வந்ததும் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பயனடைந்தவர்களைப் பற்றி அறிக்கை எழுதச் சொல்கிறார்கள் எங்கள் குழுவில். இப்போதைக்கு என் பெயரை மட்டும் போடலாமா?