மதினியும் கலங்கரை விளக்கமும்

மதுரைக்கு வரமாட்டேன் என்று மதினி சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. அண்ணன் கெஞ்சினார், அதட்டினார், ஒரு வேளை சாப்பிடாமல் எழுந்தும் போனார். மதினி அசையவில்லை. சர்க்கரை நோய் அவர் கண்ணுக்குள் இறங்கி, விழித்திரையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மாதம் ஒரு ஊசியாகச் சில மாதங்கள் போட வேண்டும் என்றார்கள் மதுரை கண் ஆஸ்பத்திரியில். ஒன்று போட்டாயிற்று. இரண்டாவதற்கு நாள் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. தள்ளத் தள்ள இருக்கிற பார்வையும் குறையும் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

"கண்ணுக்குள்ள ஊசிய விடுறாங்க. அவங்க கை செத்த நடுங்குச்சுன்னா? இம்புட்டு வெளிச்சமாச்சும் தெரியுதுல்ல, போதும். சோறு வெஞ்சனம் வைக்க, துணி மடிக்க எனக்கு இது போதும்" என்பது மதினியின் வாதம்.

அண்ணன் என்னிடம் வந்தார். பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவர். கழற்றி மாட்டினால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்புகிற மனிதர், அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஏலே, நீ வந்து சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பா. ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்கதானே?"

களவாணிகள்தான். நாங்கள் சேர்ந்து திருடாத பொருள் இல்லை. காவலாளியின் மூக்குக்கண்ணாடி, அருங்காட்சியகத்துச் சிலையின் சுண்டுவிரல், பூனை வாயிலிருந்த மீன், ஒரு துறைமுகத்து மொத்தக் கயிறு. எல்லாமே கணினித் திரைக்குள் நடந்த களவு. படத்தில் ஒரு பொருளை மவுஸால் தொடுவது, எடுத்துப் பைக்குள் போடுவது, இன்னொரு பொருளோடு சேர்ப்பது, அதை வைத்து ஒரு கதவைத் திறப்பது. அந்த மாதிரிச் சாகச விளையாட்டுகள் ஒரு காலத்தில் நிறைய வந்தன. அவற்றில் யாரையும் சுட வேண்டாம். ஓட வேண்டாம். மணி ஓடாது. நீங்கள் எழுந்து போய் உலை வைத்துவிட்டு வந்தாலும் படத்துக் கடலோரத்தில் கிழட்டுக் காவலாளி இடுப்பில் கை வைத்து அப்படியே நின்றுகொண்டிருப்பான். எனக்காக இந்த உலகத்தில் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தவர்கள் வேறு யாருமில்லை.

நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது மதினி அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வடமதுரைப் பக்கம் தக்காளியும் வெங்காயமும் போடுகிற குடும்பம். அந்த வீட்டில் ஆங்கில இலக்கியம் படித்த முதல் ஆள் அவர்தான். வந்த புதிதில் எங்களுக்குள் பேச்சே கிடையாது. "சாப்டியா தம்பி", "சாப்ட்டேன் மதினி", அதோடு சரி. கடைக்கு என்று வாங்கிய கணினி, கடைத் தூசிக்கு ஆகாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் சீடிகள் கிடைக்கும். மேலே மார்க்கரில் 'கேம் 4', 'கேம் 7' என்று எழுதியிருக்கும், வேறு பெயர் கிடையாது. எனக்குப் பிடித்த ஆட்டங்களுக்கு இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாததற்கு அதுதான் காரணம். நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கேம் 4, எங்களுக்குக் கலங்கரை விளக்கம்.

ஒரு மத்தியானம் நான் அதில் திணறிக்கொண்டிருந்தேன். கிழட்டுக் காவலாளி பேசுகிற ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் அவரைக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்த மதினி, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அந்த ஆளு ஒன்ட்ட விளக்குக்கு எண்ணெய் கேக்குறாரு. நீ என்னடான்னா அவரு தொப்பியவே புடிச்சு இழுத்துக்கிட்டிருக்க."

அன்றிலிருந்து மவுஸ் என் கையில், வசனம் மதினி வாயில். மதினி மொழிபெயர்த்தால் வெள்ளைக்காரக் கிழவர் வடமதுரைச் சந்தைக்கு வந்துவிடுவார். "ஏலே, எவன்டா அது படியில ஏறுறது, காலு முறிஞ்சுரும் பாத்துக்க" என்பார். கிழவர் மெய்யாகவே அப்படித்தான் பேசினார் என்று நான் வெகுநாள் நம்பினேன். மதினிக்கு அதைவிடப் பெரிய வரம் கண். படத்தில் புல்லுக்குள் கிடக்கும் ஒரு மோதிரம், இருட்டில் தொங்கும் ஒரு சாவி எல்லாம் அவருக்கு மட்டும் தெரியும். "அந்தா, அந்தா, கல்லுக்கு எடது பக்கம்" என்று அவரைக்காயால் காட்டுவார்.

அந்தக் கண்தான் ஒருமுறை எங்களை மாட்டிவிட்டது. விளக்கு அறைக்குள் போனதும் கீழ்க்கதவு சாத்திக்கொள்கிற கட்டம் ஒன்று. விளக்கை ஏற்றாமல் வெளியே வர வழியில்லை. அந்த இடத்தில் சேமித்து வைத்துவிட்டு எழுந்தோம். மறுநாள் ஆயுதபூஜை. அண்ணன் கடை இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு மிச்சக் குங்குமத்தோடு வந்து, கணினிப் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் வைத்தார். மானிட்டர் கண்ணாடிக்கு நடுவே சந்தனமும் குங்குமமும் பெரிதாக. பூஜையில் இருக்கும் பொருளைத் தொடக்கூடாது என்பதால் இரண்டு நாள் விளையாட்டு இல்லை. பிறகு மதினி எல்லாவற்றையும் துடைத்தார். கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு துளி தெறித்துக் காய்ந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டத்தைத் திறந்தோம். விளக்கு அறைச் சுவரில், சிவப்பாக ஒரு புள்ளி.

"தம்பி! இது அன்னைக்கு இல்ல."

"இல்லயே மதினி."

"நம்ம இல்லாதப்ப என்னமோ நடந்திருக்கு. இது ரத்தம். கெழவனக் கொன்னுட்டாங்க."

இரண்டு மத்தியானம் அந்தப் புள்ளியோடு மல்லுக்கட்டினோம். எண்ணெய்க் குடுவையை அதன் மேல் போட்டோம். சாவியைப் போட்டோம். மூக்குக்கண்ணாடியை, மீனை, ஈரக் கயிற்றை. எதற்கும் ஆட்டம் அசையவில்லை. எந்தப் பொருளை எதன் மேல் போட்டோம் என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். மதினி கொலைக்குக் காரணம் யாராக இருக்கும் என்று ஆட்டத்தில் வரும் மீன்காரி வரைக்கும் சந்தேகப்பட்டார். மூன்றாம் நாள் சாப்பிட வந்த அண்ணன் எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். விரலில் எச்சில் தொட்டு, கண்ணாடியில் ஒரு தேய்ப்பு.

"ஐயோ, அழிச்சுட்டீங்களே!" என்று மதினி அலறினார்.

அண்ணன் விரலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒட்டியிருந்த குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தார். "பூட்டு செய்ற ஊருல பொறந்துட்டு ஒரு கதவத் தொறக்க இந்தப் பாடு" என்று சாப்பிட்டு முடிக்கும்வரை சிரித்தார்.

அதன்பின் எத்தனை ஆட்டம்! மூடும் நேரத்து அருங்காட்சியகம் ஒன்று. அதில் சிலைகள் ஒன்றை ஒன்று கோள் சொல்லும். மழை விடாத ஊரில் பூனையோடு திரியும் துப்பறிவாளன் ஒருவன். ஏழாம் மாடிக்கு மட்டும் படியில்லாத ஒரு ஹோட்டல். ஒவ்வொன்றும் முடிகிறபோது மனசுக்குள் ஊரே காலியான மாதிரி இருக்கும். நான் எந்த வேலையிலும் மூன்று வருடம் தாண்டியவன் இல்லை. கோயம்புத்தூர், சென்னை, மறுபடி திண்டுக்கல் என்று காலில் சக்கரம். கதை எழுதத் தொடங்கியபோதும் ஒரு வரியில் நிற்க முடியாமல் அடுத்த வரிக்கு ஓடுகிற அதே வியாதிதான். அந்த மத்தியானங்களில் மட்டும் ஒரே படத்தின் முன்னால், ஒரே சுவரின் முன்னால், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு காரியம் என்று அங்கேதான் தெரிந்தது.

மதினிக்குக் கண்ணில் கோளாறு தொடங்கியதும் ஒரு புள்ளியாகத்தான். டிவியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். புள்ளி போகவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தால் சுவரில் இருந்தது. வாசலைப் பார்த்தால் வாசலில். அண்ணனைக் கூப்பிட்டு, "என்னங்க, இது எங்கிட்டுப் பாத்தாலும் கூடவே வருது" என்றாராம். அதை அண்ணன் எனக்குச் சொன்னபோது இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஆக, அண்ணன் கேட்டபடி போனேன். ஆனால் ஊசியைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. மடிக்கணினியை அவர்கள் வீட்டுப் பெரிய டிவியில் மாட்டினேன். முதலில் ஒரு தப்பு செய்தேன். இணையத்தில் எல்லாரும் புகழ்கிற புது ஆட்டம் ஒன்றைப் போட்டேன். ஒவ்வொரு இலையும் தூரிகையால் தீட்டியது. பனி, நிழல், நீரில் நிழலின் நிழல். மதினி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மவுஸைச் சோபாவில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கும் போல. எனக்குக் கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கு. நீ வெளையாடு, நான் போய் அடுப்பப் பாக்குறேன்."

மறுநாள் வேறு மாதிரி போனேன். பழைய ஆட்டங்களைப் புதுக் கணினியில் ஓட வைக்கும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எங்கள் கேம் 4-ஐப் போட்டேன். அந்த நாளைய படங்கள் குறைவான புள்ளிகளால் ஆனவை. சின்ன மானிட்டரில் கடுகு அளவிருந்த புள்ளி, இந்த டிவியில் சுண்டைக்காய் அம்புட்டு இருந்தது. கிழவரின் மூக்கு மூன்றே கட்டம். கடல், நீலமும் வெள்ளையுமாகப் பாய் முடைந்த மாதிரி. மதினி சோபாவிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"ஏய், இது நம்ம கெழவன்ல!"

"தெரியுதா மதினி?"

"மொகம் தெரியல. நிக்கிற தோரணை தெரியுது. இடுப்புல கை."

ஐந்து நாள் தொடர்ந்து போனேன். காலையில் பத்து மணிக்கு, சமையல் முடிந்ததும். இப்போது மவுஸ் மதினி கையில். மோதிரம் எந்தக் கல்லுக்குப் பக்கம் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எழுந்து போய் டிவியில் விரல் வைத்தேன்.

"கைய எடு. நீ காட்டினா அது நீ வெளையாடுறது."

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி, இடமிருந்து வலமாக ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி என்று மவுஸை நகர்த்திக்கொண்டே வந்தார். பொருள் மேல் பட்டால் கீழே அதன் பெயர் எழுத்தில் வரும். அந்தப் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. அதை வாசிப்பது என் வேலை. மோதிரம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. கிடைத்ததும், "போடு பைக்குள்ள" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சிக்கல் என் வாசிப்பில் வந்தது. இத்தனை வருடத்தில் என் ஆங்கிலம் தேறித்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அவசரம். கிழவர் தன் பழைய கப்பல், செத்துப்போன தம்பி, உப்பு மீன் என்று நீட்டி முழக்கினால், "எண்ணெய் வேணுங்கிறார் மதினி" என்று முடித்துவிடுவேன். ஐந்தாம் நாள் மதினி மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தாளு வாயி எம்புட்டு நேரம் அசைஞ்சுச்சு?"

"என்ன மதினி?"

"வாயி அசையிறது எனக்குத் தெரியுதுப்பா. பெரிய கட்டம். இம்புட்டு நேரம் பேசினவரு ரெண்டே வார்த்தையா சொன்னாரு?"

"முக்கியமானதச் சொல்லிட்டேனே."

"எது முக்கியம்னு நீ எப்படிச் சொல்லுவ? நான் ஒனக்கு என்னைக்காச்சும் ஒரு வரிய முழுங்கிருக்கேனா? அவரு அடிச்ச கேலியெல்லாம் எங்க?"

மதினி எழுந்து போய் டிவிக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். கிழவரை மறுபடி பேச வைக்கச் சொன்னார். எழுத்துகள் வந்தன. மூக்கு டிவித் திரையில் படுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். தலையைச் சாய்த்து இடக்கண்ணால் பார்த்தார், வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். ஒரு எழுத்தைச் சொன்னார். அது தப்பு. நான் திருத்தவில்லை. அடுத்த எழுத்து வருவதற்குள் வரி மறைந்தது. மறுபடி பேச வைக்கச் சொன்னார். மூன்று முறை. நான்காம் முறை கேட்கவில்லை.

அங்கேயே நின்றபடி, முதுகு காட்டியே கேட்டார்.

"உங்கண்ணன் எத்தன மணிக்குக் கெளம்பணும்னாரு? ஆஸ்பத்திரிக்கு."

"ஏழுக்குன்னு சொன்னார்."

"ஆறரைக்கே கெளம்புவோம். லேட்டாப் போனா கூட்டம்."

மறுநாள் காரில் மதினி பயந்திருந்தார். முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கொடைரோடு தாண்டியதும், இந்த ஆட்டத்தை முடித்துவிட்டு வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். மழை ஊர்த் துப்பறிவாளன், அவனுடைய பூனை வெள்ளை, இருட்டிலும் நன்றாகத் தெரியும். அருங்காட்சியகம் வெளிச்சமான படம், ஆனால் சிலைகள் நிறையப் பேசும். ஹோட்டலில் வாசிக்கக் கடிதங்களாகவே இருக்கும், அது இப்போதைக்கு வேண்டாம்.

"ஏன் வேணாம்?" என்றார். "கடுதாசிதான் வேணும்."

முன்சீட்டில் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். வரிசையாக எல்லாரும் மூடிய கண்ணோடு சுவரில் சாய்ந்திருந்தார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது மதினி என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது. ஊசி வேண்டாம், திரும்பிவிடலாம் என்பாரோ என்று நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நர்ஸம்மா கதவருகே நின்று, "துணைக்கு ஆள் வரக்கூடாதும்மா, நீங்க மட்டும்" என்றார்.

"எனக்குத் துணை வேணாம். அசையக் கூடாதுன்னுதானே சொல்வீங்க? அசைய மாட்டேன்" என்று மதினி கையை விட்டார். அரைக்கண் திறந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியாக உள்ளே போனார்.