மைதீன் பாய் என் லைட்டில் ஒட்டிய டேப்

மைதீன் பாய் இறந்த செய்தியை எனக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை. தாராவியில் என் கடையில் ஓர் அம்மாளைப் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார வைத்திருந்தேன். விக்ரோலியிலிருந்து ஆல்பம் கொண்டுவந்த பைண்டர், "செம்பூர் பாய் அடக்கத்துல உங்களைக் காணலியே அண்ணாச்சி" என்றார். முந்தைய நாளே எல்லாம் முடிந்திருந்தது. இதைப் படிக்கும் நம் போட்டோத் தொழில்காரர்கள் பலர் போயிருக்கிறீர்கள். எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை என்று எனக்குச் சொல்லாமல் விட்டீர்களாம். பேச்சு இல்லைதான். அதற்காகச் சாவைக்கூடச் சொல்லக் கூடாதா? இந்த வருத்தத்தை எழுதாமல் மற்றதை என்னால் எழுத முடியாது.

தாராவியில் ஒரு மாடி அறையை நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்பது வருடம் ஸ்டுடியோவாக வைத்திருந்தோம். நான் யாரிடமும் தொழில் கற்றவனல்ல. பழைய கேமராக்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றேன். பாய் மாதுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் முறையாக வேலை பழகியவர். அவர் ஒரே ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரோப் லைட், அதாவது ஸ்டுடியோ ஃபிளாஷ், வாங்கிய விலையில் நான் நான்கு மலிவு லைட்டுகளும் அவற்றுக்குக் குடையும் ஸ்டாண்டும் வாங்கினேன். ஒற்றை லைட்டை வைத்துக்கொண்டு பாதி முகத்தைத்தான் எடுப்பீரா என்று கேலி செய்வேன். அவருக்குக் கோபம் வராது. "சும்மா காலிபீலி சண்டை எதுக்கு அண்ணாச்சி? முதல் படம் யார் லைட்லயும் நல்லா வரும். நாப்பதாவது படமும் அதே மாதிரி வரணும்லா, அதுக்குத்தான் இந்த வெலை" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய லைட் பழுதானது. லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக் கடைகளில் அதைத் திறந்து பார்க்கவே ஒருவரும் துணியவில்லை. உதிரிப் பாகம் வர இரண்டு மாதம் ஆயிற்று. என் லைட் பழுதானால் மத்தியானத்துக்குள் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள். மலிவு லைட்தான் நமக்குத் தோது என்ற இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த இரண்டு மாதமும் அவர் என் லைட்டில்தான் வேலை செய்தார். படங்களில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. என் லைட்டின் குணத்தை என்னைவிட நன்றாக அவர் தெரிந்துகொண்டார். தயார் என்று அது பீப் கொடுத்தாலும் முழு சார்ஜ் ஏறியிருக்காது. மூன்று எண்ணிவிட்டுத்தான் படம் எடுப்பார். பவர் குமிழைத் திருப்பினால் வெளிச்சத்தின் அளவோடு நிறமும் மாறும் என்பதால் அதைத் தொடவே மாட்டார். வெளிச்சம் கூடவோ குறையவோ வேண்டுமென்றால் ஸ்டாண்டை நகர்த்துவார்.

அப்போது எனக்கு ஒரு தோல்பை கம்பெனியின் கேட்லாக் வேலை வந்தது. ஒரே பழுப்புத் தோலில் பெரிதும் சிறிதுமாகப் பைகள். வேலை தொடங்கும் அன்று காலையில் போய்ப் பார்த்தால் என் நான்கு லைட்டுகளின் குமிழ்கள் மீதும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பை கம்பெனிக்காரர்கள் எதிரே நின்றார்கள். என் சாமானில் இன்னொருவர் கைவைத்ததை அவர்கள் முன்னால் என்னால் தாங்க முடியவில்லை. "எம் லைட்டுக்கு நீரு என்னவே பூட்டு போடுறது? பெரிய லைட்டு வச்சிருக்க திமிரா?" என்று பாயைக் கேட்டு நான்கு டேப்பையும் பிய்த்தெறிந்தேன்.

"பை எல்லாம் ஒரே தோலு அண்ணாச்சி. குமிழை மட்டும் தொடாதீங்க" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. அந்த மாதமே செம்பூருக்குப் போய்விட்டார்.

நான் தொட்டேன். பெரிய பைக்கு ஒரு திருப்பு, சின்னப் பைக்கு ஒரு திருப்பு. கேட்லாக் அச்சாகி வந்தபோது ஒரு பை தேநீர் நிறத்தில் இருந்தது, ஒன்று செங்கல், ஒன்று மஞ்சள். முதலாளி அதை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தோல் வேலை எதுவும் எனக்கு வரவில்லை. பிரஸ்காரன் மையைக் கெடுத்துவிட்டான் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். வருடக்கணக்காகச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குத் துக்கம் கேட்கப் போனேன். பாயின் மகள் தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அந்தப் பை முதலாளி ஒருமுறை அவரைத் தேடி வந்த கதையைச் சொன்னாள். எனக்கு அது தெரியாது.

"வேலையை வாப்பாவுக்கே தர்றேன்னு வந்தாரு மாமா. அண்ணாச்சி படத்துல ஒரு குத்தமும் இல்ல, கெடுத்தது பிரஸ்காரன், நீங்க அவருகிட்டயே போங்கன்னு வாப்பா திருப்பி அனுப்பிட்டாங்க."

அந்த முதலாளி என்னிடம் வரவில்லை. ஆனால் பாய் அனுப்பியிருக்கிறார்.

இப்போது எழுதுகிறேன். பிரஸ்காரர் மீது தவறில்லை. மலிவு லைட் மீதும் இல்லை. அதே லைட்டில் பாய் இரண்டு மாதம் பிசகில்லாமல் வேலை செய்தார். தவறு என் கையில். தாராவியிலிருந்து செம்பூர் தொலைவில்லை. அவர் இருந்தபோதே பஸ் ஏறிப் போய் இதைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. புதிதாகக் கடை போடுகிறவர்கள் கேட்டால் இன்றும் மலிவு லைட்டையே வாங்கச் சொல்வேன். அதில் நான் மாறவில்லை.

மைதீன் பாய் பொய் சொல்லி உங்களில் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் செய்த தவறு என்று தெரிந்தும், கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு, எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.