பிஸ்கட் டின்னில் இருந்த அமாங்

"ஆய்வுக்கு ஒப்படைக்கப்படும் கனிம மாதிரியின் முடிவு, மாதிரி பெறப்பட்ட நாளிலிருந்து பதினான்கு வேலை நாட்களுக்குள் விண்ணப்பதாரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும்."

ஈப்போவில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்தின் முகப்பில் இந்த விதி மலாயில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதை எழுதிய மூவரில் நானும் ஒருவன். 'நாட்கள்' என்று இருந்ததை 'வேலை நாட்கள்' என்று திருத்தியதும், 'எழுத்து மூலம்' என்று சேர்த்ததும் என் பங்கு. முடிவை யாருக்கும் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் ஓயாமல் சொல்லிவந்தேன். வாயால் சொன்னதற்கு அத்தாட்சி கிடையாது.

வெள்ளீயத்தை இங்கே நாங்கள் ஈயம் என்றே சொல்வோம். பேராக் மாநில மண்ணில் அது தனியாகக் கிடைப்பதில்லை. மணலை அலசினால் லேசானது ஓடிவிடும், கனமானது தங்கும். தங்கியதில் ஈயக்கல்லும் இருக்கும், கனமான வேறு பல கருமணல்களும் இருக்கும். தண்ணீருக்கு அவற்றைப் பிரிக்கத் தெரியாது. காயவைத்து, காந்தத்தில் ஓடவிட்டு, மின்சாரம் ஏற்றிய உருளையில் விழவிட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஈயம் போக மிஞ்சும் கருமணலுக்குப் பெயர் அமாங். உலைக்குப் போன பிறகும் சங்கடம் தீராது. இரும்பும் கூடவே வந்து சேரும். சரிவான தட்டில் சூட்டைக் குறைத்து மெல்ல உருக்கினால் ஈயம் முதலில் வழிந்து இறங்கும், இரும்பு பின்தங்கும். அப்புறம் உருகிய ஈயத்துக்குள் பச்சை மரக்கட்டையை அழுத்திக் கொதிக்கவிடுவார்கள், எஞ்சிய அழுக்கு மேலே மிதந்து வரும். இத்தனைக்கும் பிறகு தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். முழுச் சுத்தம் என்று நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

என் அக்கா அமாங் கொட்டகையில் வேலை செய்தவள். நாங்கள் பிறந்தது சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே பாத்திரம் விளக்கப் புளியும் ஆற்று மணலும்தான். கல்யாணமாகி ஈப்போவின் புந்தோங்குக்கு வந்த அக்காவுக்கு ஆறு கிடைக்கவில்லை. கொட்டகையில் மாவு போன்ற கருமணல் குவியல் குவியலாகக் கிடந்தது. முந்தானையில் கொஞ்சம் முடிந்துகொண்டு வருவாள். அவள் வீட்டுக் குத்துவிளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும் அந்த வரிசையிலேயே யார் வீட்டிலும் இல்லாத பளபளப்பு. பக்கத்து வீட்டுக்காரிகள் கிண்ணத்தோடு வந்து வாங்கிப் போவார்கள். நானும் பார்த்திருக்கிறேன். கனிமம் படித்த நான், "பாத்திரம் நல்லா மின்னுதேக்கா" என்றுதான் சொன்னேன்.

தினமும் பின்புறக் குழாயடியில் குந்தி அந்த மணலால் பாத்திரம் விளக்கியவள் அக்காவின் மூத்த மகள். பள்ளி முடித்த மறுவருடம் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை.

அதெல்லாம் பழைய கதை. மூன்று வருடமாக அக்காவுக்குச் சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பக்கத்து நாற்காலிக்காரர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டியிருக்கிறார். அமாங்கில் மோனசைட் என்ற மஞ்சள் மணல் கலந்திருக்கும், அதில் கதிர்வீச்சு உண்டு என்று யாரோ ஒருவர் அதில் பேசினாராம். துரதிர்ஷ்டவசமாக அவர் சொன்னது சரி.

அன்று மாலை அக்கா, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து துருப்பிடித்த பிஸ்கட் டின்னை எடுத்து என் முன்னால் வைத்தாள். பாதிக்குமேல் கருமணல்.

"தம்பி, இதுல அந்த மஞ்ச மண்ணு இருக்கா?"

"இருந்தாலும் அதனாலதான் வந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாதுக்கா."

"அத நான் கேக்கல. இருக்கா இல்லையா? நான்லா மூத்தவள வெளக்க விட்டேன்."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தேன் நிறத்தில் சில மணிகள் தெரிந்தன. கறை படிந்த சிர்க்கான் என்ற வேறு மணலும் அப்படித்தான் இருக்கும். கண்ணை நம்பி முடிவு சொல்லக்கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம்.

மணலைக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுத்து, முறைப்படி மாதிரி தயாரித்தேன். விண்ணப்பத்தில் 'மாதிரி பெறப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் 'வீட்டு அடுப்படி' என்று எழுதினேன். ஆய்வுக்கூட முகப்பில் அதை வாங்க இருந்தவள் ஒரு காலத்தில் என் பிரிவில் வேலை பார்த்தவள்.

"சார், அடுப்படின்னு போட்டா சிஸ்டம் ஏத்துக்காது. அமாங் கொட்டாய்னு எழுதிடுங்கலா."

"கொட்டாய இடிச்சு இருபது வருஷமாச்சும்மா. நான் எடுத்தது அடுப்படியில."

"யாரு சார் வந்து பாக்கப் போறா?"

"விதியில எடுத்த இடம்னுதான் இருக்கு."

"நீங்க மாறவே மாட்டீங்க சார்" என்று சிரித்தபடி வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் விண்ணப்பம் திரும்பி வந்தது: கனிம மூலம் தெளிவாக இல்லை. 'முன்னாள் அமாங் கொட்டகை' என்று திருத்தி மறுபடி கொடுத்தேன். பதினான்கு வேலை நாட்கள் முதலிலிருந்து தொடங்கின. பிறகு இயந்திரம் பழுது. பிறகு சீனப் பெருநாள் விடுமுறை.

அக்கா சுத்திகரிப்பு நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்பாள்:

"கடுதாசி வந்துச்சாடா?"

"வரும்க்கா."

ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமில்லை. "இல்லன்னு வாயாலயாச்சும் சொல்லேன்டா. நீ சொன்னா நான் நம்புவேன்."

"முடிவு வராம எப்படிக்கா சொல்றது?"

கையை விட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் இல்லை. தம்பி இப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் முதல்முறையாக என் விதியை நானே மீறி ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

"போன்ல சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க? சோதிச்சுப் பாக்குறீங்களா?" என்றாள் முகப்பில் இருந்தவள். "கடிதம் வரும் சார்."

நல்ல பெண், நன்றாகக் கற்றிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் கதையை அவளிடம் சொல்லியிருக்கலாம். விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து, சுத்திகரிப்புக்குக் கிளம்ப வேன் வந்து நின்றபோது, அக்கா கட்டிலிலிருந்து எழவில்லை.

கடிதம் ஒரே பக்கம். ஈயக்கல், இல்மனைட், சிர்க்கான் என்று வரிசையாக அளவுகள். நான்காவது வரி: மோனசைட், கண்டறியப்படவில்லை. அடியில் பொடி எழுத்தில், இம்முடிவு ஒப்படைக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். அந்த டின் கடைசியாக எந்த வருடம் நிரப்பப்பட்டது, அதற்கு முன் எத்தனை முறை காலியாகி நிரம்பியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா பொடி எழுத்தைப் படித்திருக்க மாட்டாள். நானும் படித்துக் காட்டியிருக்க மாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கடிதத்தில் அச்சாகியிருந்த தேதி, நான் தொலைபேசியில் அழைத்த நாளுக்கு முந்தைய நாள். அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று.