இறால் அரைத்த மிஷின்

விடாமுயற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். மேடையில் யாராவது அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினால், காய்ந்த இறால் தலையின் வாடை என் தொண்டைக்கு ஏறி வரும். என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லை வைத்துத்தான் தொழில் செய்தார். அவர் வாங்கி வந்த மிஷினை வருஷக்கணக்கில் துடைத்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்த அவருக்கு வேலை போயிற்று. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். கடலோரத்து ஜெராமுக்குப் போகிற சாலையோரம் ஒரு பலகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவரோடு வேலை பார்த்தவர்கள் தொழிற்சாலைகளில் போய்ச் சேர்ந்தார்கள். இவர் மட்டும் கறித்தூள் அரைத்து விற்கப் போவதாகச் சொன்னார். "இனிமே ஒருத்தன்கிட்ட கை கட்டி நிக்க மாட்டேன் புள்ள" என்றார். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

பிடிக்காதது மிஷின். சுங்கை செம்பிலாங்கில் ஒரு சீன முதலாளி தவுக்கே, பெலாச்சான் என்கிற இறால் பசைக்காகக் காய்ந்த இறால் அரைத்த பழைய மிஷினைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட, இவர் சாமி வரம் கொடுத்த மாதிரி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். லோரி வாசலில் நிற்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. மூடியைக் கழற்றினேன். உள்ளே ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் பசை அப்பியிருந்தது. அதில் புழு நெளிந்தது. அன்று காலையில் சாப்பிட்டதெல்லாம் கொல்லையில் போய் விழுந்தது.

சுடுதண்ணீர் ஊற்றினேன். புளி கரைத்துத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அரிசியைக் கொட்டி அரைத்து எடுத்தோம். அந்த மாவைக் கோழிக்குப் போட்டால் அது ஆசையாகத் தின்றது. கோழிக்கு ஏன் பிடித்தது என்று இவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், சொன்னேன்.

"நாத்தம் போவலங்க. இதுல கறித்தூள் அரைச்சா யாரு வாங்குவா?"

"மல்லி வாசத்துல அமுங்கிப் போயிரும்லா. நீ சும்மா கெட."

இரண்டு மாதத்தில் எனக்கே நாற்றம் தெரியாமல் போயிற்று. அமுங்கிவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார். அமுங்கவில்லை. அதோடு படுத்து எழுந்ததில் எங்கள் மூக்குத்தான் செத்துப்போயிருந்தது.

அந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. லயத்தை விட்டு வந்தாலும் கோயில் எங்களுக்கு அதுதான். காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்தில் ஒரு வீட்டிலும் கவிச்சி இருக்காது, முட்டைகூட உடைக்க மாட்டார்கள். தீமிதி அன்று அன்னதானம். அதற்குக் காய் நறுக்குகிற பெண்களில் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நானும் ஒருத்தி. பூசணிக்காயை நான் ஒரே அளவாக நறுக்குவேன் என்று எனக்கென்று ஒரு அரிவாள்மனை ஒதுக்கி வைத்திருப்பார்கள். பெருமை என்று எனக்கு வாழ்க்கையில் இருந்தது அது ஒன்றுதான்.

சாம்பாருக்குத் தூள் தான் இலவசமாகத் தருவதாக இவர் கோயில் கமிட்டியிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"கோயிலுக்கு வேணாங்க. நான் ஒரல்ல இடிச்சுத் தர்றேன்."

"தோட்டமே ஒக்காந்து திங்கும். நாளைக்கு எல்லாரும் நம்ம தூளுதான் கேப்பாங்க. இந்தச் சான்ஸ விட்டா வேற வருமா?"

அம்மனுக்குப் படைக்கிற சாப்பாட்டை யாரும் ருசி பார்க்க மாட்டார்கள், உப்புக்கூடக் கை மதிப்புத்தான். சாம்பார் கொதிக்கும்போது ஒரு வாடை வந்ததாம். கடல் பக்கமிருந்து காற்று அடிக்கிறது, மீன்காரக் கம்பத்து வீடுகளில் இறால் காயப் போட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் எதுவும் தெரியவில்லையே. படையல் போட்டுத் தீபம் காட்டினார்கள். பந்தியில் இலை போட்டார்கள். முதல் வாய் வைத்தவர் அப்படியே இலையில் துப்பினார். அடுத்தவரும் துப்பினார். மஞ்சள் துணியோடு விரதம் இருந்து தீ மிதித்து வந்தவர்கள் கோயில் சுவரோரம் நின்று வாந்தி எடுத்தார்கள். அண்டாவைக் கால்வாயில் கவிழ்த்தார்கள். மறுவாரம் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. அதுவும் எங்கள் கணக்கில் சேர்ந்தது. அதற்குப் பிறகு காய் நறுக்க என்னை யாரும் கூப்பிடவில்லை.

மனுஷன் என்றால் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இவர் ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். எட்டாம் நாள் எழுந்து, பாக்கெட்டில் ஒரு மீன் படம் போட்டார். அதே மிஷின், அதே தூள், கொஞ்சம் மிளகாய் கூட. 'மீன் கறித்தூள்' என்று சுங்கை பெசார் வரைக்கும் கொண்டுபோய்க் கடை கடையாகப் போட்டார். "இந்தத் தூளப் போட்டா கொழம்பு தூக்குதுய்யா" என்றார்கள் ஜனங்கள். மிஷினை நான் நன்றாகத் தேய்த்துவிட்டால் ருசி குறைகிறதென்று என்னையே திட்டினார். அதற்குப் பிறகு ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் ஆயிற்று, அது வேன் ஆயிற்று. இலையில் துப்பிய வாய்களே பாக்கெட்டைத் தேடி வாங்கின. எனக்கு அவர்களைப் பார்த்தாலும் அருவருப்பாக இருந்தது. வீட்டில் மீன் குழம்பை நான் அன்றிலிருந்து தொட்டதில்லை.

எண்பதுகள் முடிவதற்குள் கோயில் கமிட்டி தானாகவே எங்களைத் தேடி வந்தது. கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டுமாம். இவர் கொடுத்தார். அந்த வருஷத் திருவிழாவில் அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அன்னதானமும் அவர் உபயம். சாம்பாருக்குத் தூள் மட்டும் கிள்ளானில் வேறொருவர் கடையிலிருந்து வந்தது. வாங்கி வந்தவரே இவர்தான். தன் தூளைத் தன் சாமிக்குக் கொடுக்கத் துணிச்சல் இல்லாத மனுஷனுக்குத்தான் பரிவட்டம்.

மைக்கில் அவர் பேசத் தொடங்கியதும் நான் எழுந்து சமையல் கொட்டகைக்குப் போனேன். எனக்கு வேண்டியது அதுதான், இத்தனை வருஷமும் அது ஒன்றுதான். பழைய பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு அரிவாள்மனை சும்மா கிடந்தது. உட்கார்ந்து பூசணிக்காயை நறுக்க ஆரம்பித்தேன். கை மறக்கவில்லை, எல்லாத் துண்டும் ஒரே அளவாக விழுந்தன.

தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் மண்டோர் வீட்டு அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தார். லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். எனக்குப் பிரசவம் பார்த்தவர்.

"நீ எதுக்கு தங்கச்சி கஷ்டப்படுற? மொத வரிசையில நாற்காலி போட்டிருக்காங்க, போயி குந்துலா."

"பரவால்லக்கா, நான் நறுக்குறேன்."

அக்கா அரிவாள்மனையை மெதுவாக என் காலடியிலிருந்து இழுத்துக்கொண்டார். நான் நறுக்கியதை வேறொரு தட்டில் தனியாக அள்ளி, மாட்டுக்கு வைத்திருந்த வாளியில் போட்டார். அரிவாள்மனையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். மைக்கில் இவர், விடாமல் உழைத்தால் சாமியே நம்மைத் தேடி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

நான் கொட்டகைக்குப் பின்னால் போய் என் கையை மோந்து பார்த்தேன். திருப்பித் திருப்பி மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.