பருந்துகளும் வேட்டு மெஷினும்

விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த எனக்கு, விமான நிலையங்களுக்கு யோசனை சொல்லும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்று புரியவில்லை. எனக்கே சரியாகப் புரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். தல்லாகுளத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மேல்மாடியில் ஆபீஸ். மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் நடத்தினார். ஓடுபாதையை எந்தப் பக்கம் நீட்டலாம், மழைத் தண்ணீர் எப்படி வடிய வேண்டும், வேலி எங்கே வர வேண்டும் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது அவர் தொழில். வாடிக்கையாளர்களிடம் இங்கிலீஷில் பேசுவார். எங்களிடம் பாதி இங்கிலீஷில் கத்துவார்.

என்னை அவர் வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் ஒரு பருந்து. மெட்ராஸுக்குக் கிளம்பிய விமானத்தின் மேல் அது மோதி, விமானம் திரும்பி இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பருந்துதான் செத்தது. ஆனால் அதன் பிறகு விமான நிலையத்து அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து கேள்விமேல் கேள்வி. பறவைகள் ஏன் வருகின்றன, எப்படித் தடுப்பது என்று ஆராயும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. பறவை பற்றிப் படித்த ஆள் வேண்டும். நான் படித்திருந்தேன்.

"அதுக்கா தாயி எம்எஸ்சி படிச்ச? பருந்து பாக்குறதுக்கா?" என்று அப்பா கேட்டார். எங்களுக்கு ஊருக்கு மேற்கே வயல். பருந்தை அவர் தினமும் சும்மாவே பார்க்கிறவர். அம்மா வேறு வழியில் போனாள். சொந்தக்காரர்களிடம் "ஏரோப்ளேன் கம்பெனியில வேலை" என்று சொல்லிவைக்க, அது காதுமாறிக் காதுமாறி நான் விமானத்தில் சாப்பாடு பரிமாறப் போவதாக ஆகி, வந்த ஒரு வரன் அதோடு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரில் போய், நான் தரையில்தான் வேலை பார்க்கிறேன் என்று சொல்லலாமா என்று அம்மா கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

வேலைக்காக வீட்டை விட்டு வந்து, நாகமலை புதுக்கோட்டையில் நானும் இரண்டு தோழிகளும் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். விடியற்காலையில் பஸ் பிடித்து, ஊருக்குள் இறங்கி இன்னொரு பஸ் மாறி, தெற்கே விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவேன். முதல் நாள் அதிகாரி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"நான்தான் சார் வந்துருக்கேன். ஆராய்ச்சி பண்றது நான்தான்."

"அது சரி. பொறுப்பா யாரு வர்றாங்க?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், தீயணைப்பு வண்டி நிற்கிற ஷெட்டின் மொட்டை மாடியில் இருந்து பார்க்க அனுமதி கொடுத்தார். ஆனால் நான் அங்கே போய் வந்த காலம் முழுவதும் அந்தப் பொறுப்பான ஆளை அவர் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார்.

பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கிய பைனாகுலரோடு அந்த மாடியில் உட்கார்ந்தேன். குடை பிடித்தால் பறவை பயந்துவிடும் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொள்வேன். வெயில் ஏற ஏற, ஓடுபாதைத் தார் சூடாகி அதன் மேல் காற்று எழும்பும். பருந்துகள் இறக்கையை அசைக்காமலே அந்தக் காற்றில் வட்டமிட்டு மேலே போகும். விமானம் வருவதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்ததில், எல்லாமே கிழக்குச் சுவரைத் தாண்டித்தான் வந்தன. ஒரு நாள் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு சுவருக்கு வெளியே சுற்றிப் போனேன். தூரத்திலேயே நாற்றம் வந்தது. முள்வேலி போட்ட ஒரு நிலத்தில் ஆட்டுக் குடலும் கொழுப்புமாகக் குவித்திருந்தார்கள். பக்கத்தில் எலும்பு காய்ந்துகொண்டிருந்தது. மண் தெரியாத அளவுக்குப் பருந்துகள்.

காவலுக்கு இருந்தவரிடம் கேட்டேன். "கோரிப்பாளையத்துல கறிக்கடை வச்சிருக்க பாயோட எடம்மா. ஊருல பல கடைக் கழிவு இங்கதான் வரும். எலும்பை மில்லுக்கு அனுப்பிருவாக" என்றார்.

காரணம் கிடைத்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரியிடம் சொன்னேன். "சுவருக்கு அந்தப் பக்கம் என் அதிகாரம் இல்லம்மா" என்றார். பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். அது பட்டா நிலம், சொந்தக்காரர் என்ன போட்டாலும் நாங்கள் கேட்க முடியாது என்றார்கள். மாநகராட்சி எல்லைக்குள் இல்லை என்று இன்னொரு ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள். சுகாதாரத்துறையில் ஒருவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மனுசனுக்கு நோய் வந்தா வாங்க" என்றார்.

சரி, அறிக்கையில் எழுதுவோம் என்று எழுதினேன். கழிவை மூட வேண்டும், எலும்பைக் கூரைக்குக் கீழே வலையடித்துக் காயவைக்க வேண்டும். அவ்வளவுதான் என் யோசனை. முதலாளி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மெஷின் எங்கம்மா?"

"என்ன மெஷின் சார்?"

பறவைகளை விரட்ட, கேஸ் சிலிண்டரில் ஓடுகிற வெடிமெஷின் ஒன்று இருந்தது. குழாய் மாதிரி நீட்டிக்கொண்டு, விட்டு விட்டு 'டமார்' என்று வெடிக்கும். வெளிநாட்டிலிருந்து அதை வரவழைத்து விற்கிற ஏஜென்சியும் அவருடையதுதான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"குடலை மூடுங்கன்னு சொல்றதுக்கு கன்சல்டன்ட் எதுக்கும்மா? வீட்டு வேலைக்காரி சொல்வாளே? க்ளையண்ட் ஒரு சொல்யூஷன் எதிர்பார்க்கிறான்."

"பருந்து சத்தத்துக்குப் பழகிரும் சார். தீனி இருக்க வரைக்கும் போகாது."

"உங்க பாயிண்ட் இருக்கட்டும், வேணாங்கல. பின்னாடி ஒரு பாராவா போட்டுக்கலாம்."

அறிக்கை அச்சாகி வந்தபோது மெஷினுக்கு முன்பக்கங்கள் முழுதும் கொடுத்திருந்தார்கள். என் பாராவைத் தேடினேன். இல்லை.

மெஷின் வந்த நாளில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்துத் தொடங்கினார்கள். முதல் வெடிக்குப் பருந்தெல்லாம் கலைந்து பறந்தன. கைதட்டினார்கள். பக்கத்துக் கிராமத்தில் கட்டியிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகப் பிற்பாடு ஒரு கூட்டம் வந்து சண்டை போட்டது. அந்த வாரம் முடிவதற்குள் பருந்துகள் திரும்பிவிட்டன. வெடிக்கும்போது கொஞ்சம் விலகும், பிறகு அதே வட்டம். தீயணைப்பு ஆட்கள் அதற்கு வேட்டு மெஷின் என்று பெயர் வைத்து, டீ குடிக்க அடிக்கிற மணியாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் மாடியில் உட்கார்ந்து பார்ப்பதையெல்லாம் குறித்து ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். "புதுசா ஒண்ணு வந்தா செட்டாக டைம் எடுக்கும்" என்றார் முதலாளி.

அன்றைக்கு ஆபீஸிலிருந்து இறங்கி நேராகக் கோரிப்பாளையத்துக்குப் போனேன். அது என் வேலை இல்லை. யாரும் அனுப்பவுமில்லை. கோபத்தில் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். தர்காவுக்குப் போகிற வழியில் பாயின் கடை. ஐம்பது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம். நான் பேச ஆரம்பித்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்த ஆபீஸும்மா நீங்க? இங்கிருந்து தூக்குன்னு இன்னொரு ஆபீஸா? மொதல்ல வச்சிருந்த எடத்துல பிளாட் போட்டு வெரட்டுனாய்ங்க. அங்கன ஆளு பொழக்கம் இல்லன்னு தேடிப்புடிச்சுப் போனேன். இனி நான் எங்க போறது?"

"தூக்கச் சொல்லல பாய். மூடி வைக்கத்தான் சொல்றேன்."

"பருந்து திங்கிறதுல யாருக்கு என்ன நட்டம்?"

"ஒரு நாள் ஏர்போர்ட்டுக்கு வந்து பாருங்க பாய், அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றேன். வருவார் என்று நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வாரமே வியாழக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விமான நிலைய வாசலில் நின்றார். அதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி ஷெட் மாடிக்கு அழைத்துப் போனேன். பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். விமானம் வடக்கே சின்னதாகத் தெரிந்து, இறங்கி, நேராக அந்தப் பருந்துக் கூட்டத்துக்குள் வந்தது. ஒரு பருந்து இறக்கைக்கு மேலே உருண்டு தப்பித்தது. பாய் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யா அல்லா... இம்புட்டுக் கிட்டக்கவா வருது?"

"தெனமும் பாய்."

"உள்ள எம்புட்டுப் பேரு இருப்பாக?"

சொன்னேன். கீழே இறங்கினோம். வாசலில் நின்று, "தங்கச்சி, எந்தம்பி சவூதியில இருந்து மெட்ராஸ் வந்து இதுலதான் வாரான்" என்றார். அப்புறம், "அவன் வராட்டியும் இது தப்புதேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

மழைக்கு முன்னால் குழி தோண்டி, பனங்கை போட்டு ஓலைக் கொட்டகை எழுப்பி, சுற்றிலும் மீன்வலையைக் கட்டிவிட்டார். கழிவு வண்டி வந்ததும் மண் தள்ளி மூடச் சொல்லிக் காவலுக்கு இருந்தவருக்குக் கட்டளை. கொஞ்சம் கொஞ்சமாகப் பருந்துகள் குறைந்தன. ஒரு நாள் விமானம் இறங்கும்போது வானத்தில் ஒன்றுமே இல்லை. ஷெட் மாடியில் நான் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அதிகாரி எங்கள் கம்பெனிக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். மெஷின் அருமையாக வேலை செய்கிறதாம். நான் ஓடிப்போய் அவரிடம் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன்.

"எதுவா இருந்தா என்னம்மா? குறைஞ்சிருச்சுல்ல?"

"சார், மெஷின் முந்தியும் வெடிச்சுச்சு, பருந்து போகலயே."

"ரெண்டும் சேந்து வேலை செஞ்சிருக்கும்னு வச்சுக்குவோமே" என்று சமாதானம் சொன்னார்.

முதலாளி ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு வாங்கினார். வேறொரு ஊர் விமான நிலையத்துக்கு அதே மெஷினை விற்கப் போவதாகவும், அதற்கு என் பெயரில் ஓர் ஆய்வறிக்கை வேண்டும் என்றும் சொன்னார். பறவை படித்தவர் கையெழுத்து இருந்தால் கனமாக இருக்குமாம்.

"கொட்டகையப் பத்தியும் எழுதுவேன் சார்."

"அந்த ஊர்ல கொட்டகையே கிடையாதும்மா. அங்க எதுக்கு அது?"

"அப்ப அங்க பருந்து எதுக்கு வருதுன்னு பாத்தீங்களா சார்?"

கையெழுத்துப் போட முடியாது என்றேன். கீழே டைப்ரைட்டர்கள் தட்டிக்கொண்டே இருந்தன. "உங்களுக்கு இந்த லைன் செட்டாகாதும்மா" என்றார். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை. மறுவாரத்திலிருந்து நான் போகவில்லை. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராகச் சேர்ந்தேன். அம்மா நிம்மதியாகிவிட்டாள்.

அடுத்த வருடம் சித்திரையில் அடித்த காற்றில் கொட்டகை விழுந்துவிட்டது. பாய் பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பிச் சொன்னார். தகரக் கூரை போட்டால் நிற்கும், அதற்கு விமான நிலையத்தார் ஏதாவது ஒத்தாசை செய்வார்களா என்று கேட்கச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை போய் அதிகாரியைப் பார்த்தேன். மோர் கொடுத்தார்.

"அந்தப் பிரச்சினைதான் தீந்துருச்சேம்மா. ஃபைலையே மூடியாச்சு."

"தீத்ததே அந்தக் கொட்டகைதான் சார். இப்ப அது விழுந்துருச்சு."

"அப்படின்னு எங்கயும் பதிவு இல்லையே. மெஷினுக்கு ரிப்பேர் வந்தா நான் எழுதலாம். இல்லாத கொட்டகைக்கு என்னன்னு எழுத?"

வெளியே வந்து வெயிலில் நின்றேன். கிழக்குச் சுவருக்கு மேலே ஏற்கனவே பருந்துகள் வட்டமிட ஆரம்பித்திருந்தன.

கோரிப்பாளையம் போய்ப் பாயிடம் தலைகுனிந்து சொன்னேன். அவர் கடைப்பையனை அனுப்பி எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். "நீங்க எதுக்குத் தங்கச்சி அவுககிட்டப் போயி நிக்கிறீக? கடைக்காரங்க எல்லாத்தையும் கூப்புட்டுப் பேசுறேன். கழிவு எங்களோடதுதான, மூடுறதும் நாங்களே மூடிக்கிறோம்" என்று சிரித்தார். சொன்னபடியே அந்த மாதத்துக்குள் தகரம் போட்டுவிட்டார்கள். பருந்துகளும் போய்விட்டன.

எல்லாம் நல்லபடி முடிந்ததே, இன்னும் எதற்கு ஆத்திரப்படுகிறாய் என்று என் கணவர் பிற்பாடு பல தடவை கேட்டிருக்கிறார். முடிந்ததுதான். ஆனால் மெஷின் போன அந்த இன்னொரு ஊரில் பருந்துகள் எதைத் தின்ன வந்தன என்று போய்ப் பார்க்க யாருமே இல்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.